கிளப்பின் பிள்ளை

கெய்ரோவுக்கு வடக்கே, டெல்டாவில் இருக்கும் ஃபுவ்வா ஊரில் கேப்டன் ஹம்தி அஷ்மாவியின் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறியவர்கள் எல்லோரும் அந்தக் கேடயத்தைப் பார்த்திருப்பார்கள். வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்த பித்தளைக் கேடயம். 'ஷிரா கிளப்பின் உண்மையான பிள்ளைக்கு, நன்றியுடன்' என்று அதில் பொறித்திருக்கும். புறாக்கூண்டின் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். புறாக்கள் தங்களால் ஆனதைச் செய்து பாதி எழுத்தை மறைத்துவிட்டன. அதைக் கழுவக் கூடாது என்று மனைவி இன்ஸாஃபுக்குக் கண்டிப்பான உத்தரவு.

எங்கள் நாட்டில் பந்து உதைத்தவன் சாகும்வரை கேப்டன்தான். அணிக்குத் தலைமை தாங்கினானா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. காய்கறிக்காரன் முதல் நீதிபதி வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அஷ்மாவியை அப்படிக் கூப்பிடாத ஒரே மனிதர் ஹாஜி பஸ்யூனி.

அஷ்மாவி பிறந்தது இஸ்பத் அல்-புர்ஜ் என்ற மீன்பிடி ஊரில், வலை பின்னுகிறவரின் மகனாக. அவருடைய இடது காலில் பந்து விழுந்தால் கீழே வைத்த மாதிரி நிற்கும். அந்த ஊரின் ஷிரா கிளப் அவரை இடது ஓரத்தில் ஆட வைத்தது. இரண்டாம் பிரிவில் அவருக்கு எதிரே நின்ற தடுப்பாட்டக்காரர்கள் பலருக்கு மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மீன் ஏலத்தில் கூட அவரைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். பாட்டில் கொஞ்சம் கெட்ட வார்த்தையும் உண்டு, எதிரணிக்காரனின் அம்மாவைப் பற்றி.

ஹாஜி பஸ்யூனி படகுப் பட்டறை முதலாளி, ஷிரா கிளப்பின் தலைவர். ஒரு நாள் அஷ்மாவி யாரிடமும் சொல்லாமல் கெய்ரோவுக்குப் போய் ஒரு பெரிய கிளப்பில் ஆடிக் காட்டிவிட்டு வந்தார். பார்த்தவர்கள், 'உன் கிளப்பிலிருந்து விடுவிப்புக் கடிதம் மட்டும் கொண்டு வா, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றார்கள். கால் தரையில் படாமல் பட்டறைக்கு வந்து நின்றார். ஹாஜி மரத்தூளைத் தட்டிவிட்டு அவரை உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். அம்மாவின் முட்டிவலியை விசாரித்தார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"கெய்ரோவுக்குப் போனியாமே?"

"ஆமா ஹாஜி. சும்மா பாத்துட்டு வரலாம்னு…"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம். முடி வெட்டறவன் சொல்லித்தான் எனக்கே தெரியுது."

"தப்புதான் ஹாஜி. மன்னிச்சிருங்க. அந்தக் கடிதம் மட்டும் குடுத்தீங்கன்னா…"

"நீ கிளப்போட பிள்ளைடா. வீட்டுப் பிள்ளைய யாராச்சும் வெளிய விடுவாங்களா? டீயக் குடி. ஆண்டவன் வழி விடுவான்."

வாசலில் பிச்சை கேட்டு நிற்பவனிடம் கையை விரிக்கவும் நாங்கள் இதையேதான் சொல்வோம். அஷ்மாவிக்கும் அது தெரியும். ஆனாலும் இளவயது, நம்பிக்கை வைத்தார்.

ஹாஜி அவரை விடவும் இல்லை, ஆட விடவும் இல்லை. மூன்று பருவங்கள். பயிற்சிக்கு வரலாம், ஓடலாம், வியர்க்கலாம். போட்டி நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தோடு உட்கார்ந்து பூசணி விதை கொறிக்கலாம். முதல் பருவத்தில், ஏன் ஆடவில்லை என்று பார்ப்பவரெல்லாம் கேட்டார்கள். இரண்டாவதில் சிலர் கேட்டார்கள். மூன்றாவதில் பாட்டில் வேறொருவன் பெயர் வந்துவிட்டது. இடையில் எத்தனையோ முறை பட்டறைக்குப் போனார். ஒரு முறைகூட ஹாஜி கோபப்படவில்லை, ஒரு முறைகூட டீ கொடுக்காமல் அனுப்பவில்லை. கோபப்பட்டிருந்தால் கையில் கிடைத்த உளியை எடுத்துக் காட்டிவிட்டாவது வந்திருக்கலாம். டீ கொடுப்பவரை என்ன செய்வது?

கால் துருப்பிடித்த பிறகு விட்டார்கள். விட்டதற்கு ஒரு விழா, அந்த விழாவில்தான் கேடயம். மேடையில் ஹாஜி அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு அழுதார். நிஜமாகவே அழுதார். அஷ்மாவி இன்றுவரை மன்னிக்காதது அந்த அழுகையைத்தான்.

அதற்குப் பிறகு கோச் வேலை. செங்கல் சூளைக்காரர்கள் நடத்திய அணி, கரும்பு ஆலை அணி, கோல் கம்பத்தில் ஆடு கட்டியிருக்கும் மைதானங்கள். கோச் படிப்புக்குப் பரீட்சை எழுதினார். நடுவரோடு சண்டை போட்டுத் தடை வாங்கினார், தடை முடிந்ததும் அதே நடுவரோடு மறுபடி சண்டை போட்டார். படிப்படியாக ஏறி, ஃபுவ்வாவில் தரை விரிப்பு நெய்பவர்களின் நவல் கிளப்புக்கு வந்து சேர்ந்தார். அது ஷிரா ஆடும் அதே பிரிவு. வேண்டுமென்றுதான் வந்தார்.

ஆட்டக்காரர்களை அவர் புகழ்ந்ததே இல்லை. புறாக்களிடம் மட்டும்தான் சிரிப்பார் என்று சொல்வார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேறு கிளப்புக்குப் போக வேண்டும் என்று எவன் வந்து கேட்டாலும் அன்றைக்கே கடிதம். கிளப் தலைவர்களிடம் கத்திக் கூச்சல் போட்டாவது கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவார். நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும் சரி, பாதிப் பருவமாக இருந்தாலும் சரி. 'டீ வர்றதுக்கு முன்னாடி கடிதம் வந்துரும்' என்று டெல்டா முழுக்கப் பேச்சு. அவருடைய வாழ்க்கையில் அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றுதான்.

அப்படி இருக்கும்போது நாதர் வந்து நின்றான். இருபத்து மூன்று வயது, நல்ல தோள், இடது கால்காரன்.

"பேரு?"

"நாதர் பஸ்யூனி, கேப்டன்."

"எந்த பஸ்யூனி?"

"இஸ்பத் அல்-புர்ஜ். ஹாஜி பஸ்யூனி மகன்."

அஷ்மாவி விசிலை வாயிலிருந்து எடுத்துத் துடைத்தார். "அப்பா கிளப்ப விட்டுட்டு இங்க எதுக்கு வந்த?"

"அங்க நான் கோல் போட்டா அப்பா போட வெச்சாருங்கறாங்க. தப்பா அடிச்சா அப்பாவையும் சேத்துத் திட்டறாங்க. நாதர்னு ஒருத்தன் இருக்கறதே யாருக்கும் தெரியல, கேப்டன். உங்ககிட்ட ஆடினா, சிபாரிசுல ஆடினான்னு எவனும் சொல்ல மாட்டான்."

"அது சரி. எவனும் சொல்ல மாட்டான்."

ஓட விட்டுப் பார்த்தார். பையன் நன்றாக ஆடினான், அவர் நினைத்ததைவிட நன்றாகவே ஆடினான். நீண்ட கால ஒப்பந்தம் போடச் சொல்லி கிளப் தலைவரிடம் அவரே வற்புறுத்தினார். அன்று வீட்டில் வறுத்த மடவை மீன் இரண்டு கூடுதலாக உள்ளே போயிற்று. இன்ஸாஃப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, மொகமெல்லாம் பளபளங்குது?"

"பஸ்யூனி மகன் நம்ம கைக்கு வந்திருக்கான்."

"ஹம்தி, அந்தப் பையன் உனக்கு என்ன பண்ணான்?"

"நான் மட்டும் அவன என்ன பண்ணிடப் போறேன்? உக்கார வெக்கப் போறேன், அவ்வளவுதான். உக்காந்தா யாருக்கும் வலிக்காது. அவங்கப்பாவே எனக்குச் சொல்லிக் குடுத்தது."

சொன்ன மாதிரியே உட்கார வைத்தார். ஒவ்வொரு போட்டியிலும் இரண்டாம் பாதியில் நாதரைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அவன் மேலங்கியைக் கழற்றிவிட்டுக் கோட்டோரமாக ஓடுவான், குனிவான், நிமிர்வான், கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்க மாட்டான். இறங்குவது வேறு ஒருவனாக இருக்கும். நாதர் மேலங்கியை மாட்டிக்கொண்டு திரும்ப வந்து உட்காருவான். உட்காரும்போது அவன் தோள் எப்படி இறங்கும் என்பது அஷ்மாவிக்குப் பாராமலே தெரியும். கையில் ருசியான பண்டம் இருப்பதுபோல அதை மெல்ல மெல்ல அனுபவித்தார்.

பந்து, சட்டை, டீ எல்லாவற்றுக்கும் பொறுப்பான கிழவர் துல்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கேப்டன், அந்தப் பிள்ள ஓடி ஓடி அந்தப் பக்கத்துப் புல்லே தேஞ்சுபோச்சு. ஒரு நாளாச்சும் உள்ள விடுங்க. புல்லாவது பொழச்சுக்கும்."

"கிளப்ப விட்டுப் போறேன்னு அவன் கேக்கட்டுமே. கேட்டவனுக்கு நான் இல்லேன்னு சொன்னதில்லயே."

"அவன் கேக்க மாட்டான். வீம்புக்காரன், உங்கள மாதிரி."

ஹாஜியிடமிருந்து போன் வந்தது. ஒரு முறை அல்ல, பல முறை. "அஷ்மாவி, என்ன இருந்தாலும் நாம ஒரே மண்ணு. பையன ஆட விடு. வீட்டுக்கே வர மாட்டேங்கறான்."

"நல்லா பழகறான் ஹாஜி. அவசரப்படக் கூடாது. உங்க முட்டிவலி எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சைக் கேட்பதற்காகவே போனை இன்னும் கொஞ்ச நேரம் காதில் வைத்திருப்பார்.

பருவம் முடியும் தறுவாயில் ஷிரா கிளப் கழுத்தளவு முழுகிக்கொண்டிருந்தது. கடைசிப் போட்டி ஃபுவ்வாவில், நவலோடு. சமநிலை கிடைத்தால் இரண்டாம் பிரிவில் பிழைத்துக்கொள்ளும், தோற்றால் மூன்றாம் பிரிவு. நவல் கிளப்புக்கு அந்தப் போட்டியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வேர்த்துக்கொட்டி ஆட வேண்டிய அவசியமே இல்லை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், அஷ்மாவியைத் தவிர.

போட்டிக்கு முந்தின நாள் மதியம் ஹாஜி பஸ்யூனி ஒரு கூடை இறாலோடு வீட்டுக்கே வந்துவிட்டார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. இன்ஸாஃப் புதினா போட்டு டீ கொண்டுவந்து வைத்தாள். ஹாஜி அந்தக் கண்ணாடி டம்ளரைத் தொட்டு, மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்தார். வீட்டுக்கு வந்த பெரியவர் அப்படிச் செய்தால் காரியத்தோடு வந்திருக்கிறார் என்று அர்த்தம். காரியம் ஆகாமல் அந்த வீட்டுத் தண்ணீர்கூட அவர் தொண்டையில் இறங்காது. குடிக்காமல் அவர் எழுந்து போனால் வீட்டுக்காரனுக்கு ஆயுசுக்கும் அவமானம்.

"சொல்லுங்க ஹாஜி."

"நாளைக்கு நாதர எறக்காத."

அஷ்மாவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வருஷம் பூரா எறக்கு எறக்குன்னீங்க?"

"நாளைக்கு மட்டும் வேணாம். ஊரே பஸ் புடிச்சு வருது. பஸ்யூனி கிளப்ப பஸ்யூனி மகனே கவுத்தான்னு ஆச்சுன்னா நான் பட்டறைக் கதவத் தொறக்க முடியாது. அவங்கம்மா மார்க்கெட்டுக்குப் போக முடியாது. அவன் செத்தாலும் ஊருக்குள்ள விட மாட்டானுங்க. எங்கள அடிக்கணும்னா அடி. வேற ஆள வெச்சு அடி. அவன் கையால வேணாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கேப்டன், உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

முதல் முறையாகக் கேப்டன் என்றார். அஷ்மாவியின் காதில் அது தேனாகவா பாய்ந்தது? இல்லை. இவ்வளவு சுலபமாக வரக்கூடிய வார்த்தையையா இத்தனை காலம் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தாய் என்று வயிறு எரிந்தது.

எழுந்தார். ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தொட்டியில் கொட்டினார். தன் கையாலேயே புதிதாக டீ போட்டு, சர்க்கரை தாராளமாகக் கலக்கி, ஆவி பறக்கக் கொண்டுவந்து ஹாஜியின் கையில் கொடுத்தார்.

"குடிங்க ஹாஜி."

வீட்டுக்காரன் தன் கையால் டீ மாற்றிக் கொடுத்தால் வந்த காரியம் ஆகிவிட்டது என்றுதான் எங்களில் யாரும் எடுத்துக்கொள்வோம். ஹாஜியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கண் கலங்க முழு டம்ளரையும் குடித்தார். அஷ்மாவியின் தோளைத் தொட்டு, அவருடைய அப்பா அம்மாவுக்காக இறைவனிடம் துஆ செய்துவிட்டுப் போனார்.

இன்ஸாஃப் சமையலறை வாசலில் நின்றாள். "சரின்னு சொன்னியா அவர்கிட்ட?"

"குடிங்கன்னு சொன்னேன்."

"வீட்டுக்கு வந்தவர டீயக் குடுத்து ஏமாத்தறதா? இது நம்ம வீட்டு மேலதான் வரும் ஹம்தி."

"அவர் டீய நான் மூணு பருவம் குடிச்சேன், இன்ஸாஃப். யார் வீட்டு மேல வந்துச்சு?"

மறுநாள் பிற்பகல் மைதானத்தில் நிற்க இடமில்லை. இஸ்பத் அல்-புர்ஜ்காரர்கள் மேளத்தோடு வந்திருந்தார்கள். ஹாஜி முன் வரிசை நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். ஷிரா அணி மொத்தமும் தங்கள் கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது. இரண்டாம் பாதியிலும் பாதி போய்விட்டது, கோல் இல்லை. மேளச் சத்தம் கூடிக்கொண்டே போயிற்று.

அஷ்மாவி நாதரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவன் வழக்கம்போலக் கோட்டோரமாக ஓடினான், குனிந்தான், நிமிர்ந்தான். திரும்பி வந்து மேலங்கிக்குக் கை நீட்டியபோது அஷ்மாவி அதைப் பிடுங்கித் துல்பாவிடம் எறிந்தார்.

"எறங்கு. இடது ஓரம்."

நாதர் நம்பாமல் நின்றான். "நானா கேப்டன்?"

"உன்னத் தடுக்கறவன் இடது பக்கம் திரும்ப லேட்டாகும். உள்பக்கமா வெட்டிக்கிட்டுப் போ. யோசிக்காம அடி."

அஷ்மாவி ஆட்டத்தைப் பார்க்கவில்லை. முன் வரிசை நாற்காலியைப் பார்த்தார். ஹாஜி எழுந்து நின்றதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்ததைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்ததையும் பார்த்தார். நாதர் பந்தோடு உள்பக்கமாக வெட்டியதும், ஒரு வருஷத்துப் பசியைக் காலில் திரட்டி அடித்ததும், வலை விம்மியதும் அவருக்குச் சத்தத்தில்தான் தெரிந்தது. மேளம் நின்றுவிட்டது. ஹாஜி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

நாதர் குதிக்கவில்லை. பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டவன் செய்வதுபோல இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி மன்னிப்புக் கேட்டான். பதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டில்களும் அவனுடைய அம்மாவைப் பற்றிய வசைகளும் வந்தன. ஆட்டம் அப்படியே முடிந்தது.

உடைமாற்றும் அறைக்கு வெளியே இருந்த நடையில் ஹாஜி வந்து நின்றார். போலீஸ்காரர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்.

"என்னய டீ குடிக்க வெச்சியே அஷ்மாவி."

"குடிங்கன்னேன், குடிச்சீங்க. சரின்னு நான் எப்பச் சொன்னேன்?"

"மனுஷன் செய்யற காரியமா இது?"

"கோபமே படாம, மொகம் கோணாம, டீ குடுத்தே ஒருத்தன முடிச்சுரலாம்னு எனக்குக் காட்டினது யாரு ஹாஜி? உங்க பட்டறையில கத்துக்கிட்ட தொழில்தான் இது."

ஹாஜி சுவரில் சாய்ந்துகொண்டார். வேறு குரலில் பேசினார். "சரி. நான் செஞ்சதுக்கு எனக்குக் கெடச்சுது. ஊர் இனி அவன ஏத்துக்காது. அலெக்ஸாண்ட்ரியாவுல இருந்து ஒரு கிளப்காரர் ஆள் பாக்க வந்திருந்தாராம். அவன் ஆட்டத்தப் பாத்துட்டு இப்பவே கேக்கறாராம். தூரமாப் போகட்டும், பொழச்சுக்குவான். கடிதம் குடுத்து விட்டுரு. நீ எவனையும் புடிச்சு வெச்சவன் இல்லேன்னு எல்லாரும் சொல்றாங்க."

மொட்டைமாடியில் புறாக்களுக்குத் தானியம் போடும்போதெல்லாம் அஷ்மாவி மனதுக்குள் சொல்லிப் பழகிய வசனம் ஒன்று உண்டு. இப்படி ஒரு கேள்வியோடு ஹாஜி வந்து நிற்பார் என்று கனவில்கூட நினைக்காத காலத்திலிருந்தே அது தயாராக இருந்தது.

"அவன் இப்ப எங்க கிளப்போட பிள்ள ஹாஜி. வீட்டுப் பிள்ளைய யாராச்சும் வெளிய விடுவாங்களா?"

ஹாஜிக்கு அந்த வசனம் நினைவிருந்தது. போலீஸ்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போனார். அஷ்மாவி நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு மூச்சு அவருக்குக் கிடைத்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று துல்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

அறைக்குள் போனார். எல்லோரும் குளிக்கப் போயிருந்தார்கள். துல்பா டீ தட்டோடு ஓரமாக நின்றார். நாதர் மட்டும் சேற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நடையில் பேசியதெல்லாம் அந்த அறைக்குள் கேட்கும் என்பது அஷ்மாவிக்கு அப்போதுதான் உறைத்தது.

நாதர் எழுந்து நின்றான். முகத்தில் கோபம் இல்லை. "அப்பா உங்களுக்கு என்ன பண்ணாருன்னு எனக்குத் தெரியும் கேப்டன். சின்ன வயசுலயே கேள்விப்பட்டதுதான். தெரிஞ்சுதான் வந்தேன். என்னக் காக்க வெப்பீங்கன்னும் தெரியும். அவர் செஞ்ச பாவம், நான் கொஞ்ச நாள் உக்காந்தா கழிஞ்சு போகட்டும்னு நெனச்சேன். இன்னைக்கு நீங்க சொன்ன எடத்துல ஆடி, நீங்க சொன்ன மாதிரியே அடிச்சிட்டேன். எனக்கு இனி ஊர் இல்ல, வீடு இல்ல. ஆட்டம் மட்டும்தான் இருக்கு. எல்லாருக்கும் குடுக்கற மாதிரி எனக்கும் கடிதம் குடுப்பீங்களா?"

துல்பா தட்டைக் கீழே வைக்காமல் அஷ்மாவியின் முகத்தையே பார்த்தார். சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? டெல்டா முழுக்க எத்தனையோ பேருக்கு டீ வரும் முன்னால் சொன்ன வார்த்தைதானே. ஆனால் அதைச் சொன்னால் ஹாஜியிடம் பேசிய வசனம் வெறும் வாய்ச்சவடாலாகப் போய்விடும். நாளைக்கே ஹாஜி ஊருக்குப் போய், கெஞ்சினேன், விட்டான் என்பார். நிம்மதியாகத் தூங்குவார். அதை மட்டும் அஷ்மாவியால் தாங்க முடியவில்லை.

துல்பாவின் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து நாதரின் கையில் கொடுத்தார்.

"டீயக் குடி," என்றார். "ஆண்டவன் வழி விடுவான்."

நாதர் அந்த வார்த்தையைக் கேட்டே வளர்ந்த வீட்டுப் பையன். மறுபடி கடிதம் கேட்கவில்லை.